சந்தா கட்டி குடும்ப டாக்டர்: பாலக்காட்டு எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் என்று பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் வைத்தியம் இரண்டு மாநிலத்தில் நடக்கும். காய்ச்சல், சளி என்றால் பக்கத்து கிளினிக். கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரி, இல்லையென்றால் பாலக்காடு. இருதயம், மூளை, எலும்பு என்று வந்துவிட்டால் நேராகக் கோயம்புத்தூர். பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ அமெரிக்காவிலோ இருக்க, தோப்பு வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும். இந்த மாதிரி வீடுகளைத் தேடித்தான் இப்போது “ஆண்டுச் சந்தா கட்டுங்கள், டாக்டர் எப்போதும் உங்கள் போனில் இருப்பார்” என்று திட்டங்கள் வருகின்றன.

அமெரிக்காவில் இதற்குக் கன்சியர்ஜ் மருத்துவம் என்று பெயர். நல்ல கையில் கிடைத்தால் உண்மையிலேயே உதவும் ஏற்பாடு. ஆனால் அந்தப் பெயரில் விற்கப்படுவதெல்லாம் அதுவல்ல. பணம் கட்டும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், இது எங்கிருந்து வந்தது

1996இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஹோவர்ட் மேரன் என்ற டாக்டர், சக டாக்டர் ஒருவருடன் சேர்ந்து எம்.டி. ஸ்கொயர்டு என்ற கிளினிக்கைத் தொடங்கினார். அதற்கு முன் அவர் சியாட்டில் கூடைப்பந்து அணியின் டாக்டர். விளையாட்டு வீரர்களுக்குக் கிடைக்கும் கவனம் குடும்பங்களுக்கும் கிடைக்கட்டும், அதற்கான பணத்தைக் குடும்பமே கட்டட்டும் என்பதுதான் யோசனை. அது பெரும் பணக்காரர்களுக்கானதாகவே இருந்தது. 2000இல் ஃப்ளோரிடாவில் தொடங்கிய எம்.டி.வி.ஐ.பி. அதை நடுத்தர வர்க்கத்தின் மேல்தட்டு வரை கொண்டுவந்தது. ஒரு டாக்டருக்கு அதிகபட்சம் 600 பேர் என்று வரம்பு வைத்தார்கள். அங்கே சாதாரண குடும்ப டாக்டர் ஒருவரின் பட்டியலில் 2,000 பேருக்கு மேல் இருப்பது வழக்கம்.

இந்த 600 என்ற எண்ணில்தான் விஷயமே இருக்கிறது. நீங்கள் கட்டும் சந்தா மருந்துக்கோ ஆபரேஷனுக்கோ அல்ல, டாக்டரின் நேரத்துக்கு. அவர் பட்டியல் சின்னதாக இருந்தால்தான் உங்களுக்கு நேரம் இருக்கும். பட்டியலுக்கு வரம்பே இல்லாத திட்டம் என்ன பெயர் வைத்துக்கொண்டாலும் இந்த வகையில் சேராது.

அமெரிக்காவிலேயே இதில் மூன்று வகை உண்டு. கன்சியர்ஜ் டாக்டர்கள் பலர் ஆண்டுச் சந்தாவும் வாங்குவார்கள், நோயாளியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பில்லும் அனுப்புவார்கள். நேரடி முதல்நிலை மருத்துவம் என்ற இரண்டாவது வகையில் இன்சூரன்ஸ் பக்கமே போவதில்லை. பெரும்பாலும் மாதம் 50 முதல் 150 டாலர், அதற்குள் டாக்டரை நேரில் பார்ப்பது, போன், சின்னச் சின்ன சிகிச்சை எல்லாம் அடக்கம். மூன்றாவது, அமேசான் 2023இல் வாங்கிய ஒன் மெடிக்கல் மாதிரி, குறைந்த சந்தாவில் பெரிய கிளினிக் சங்கிலி. அங்கே ஆப் நன்றாக இருக்கும், அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் ஒரே டாக்டரின் முழுக் கவனத்தை அந்த விலையில் எதிர்பார்க்க முடியாது.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். 2026 ஜனவரி முதல் நேரடி முதல்நிலை மருத்துவத்தின் சந்தாவை, தனி நபருக்கு மாதம் 150 டாலர் வரை, உங்கள் ஹெச்.எஸ்.ஏ. கணக்கிலிருந்து (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு) கட்டலாம். முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர் இருக்கிறவர்களுக்குச் சந்தாத் தொகையை மெடிகேர் தராது.

நம் ஊரில் விற்கப்படுவது என்ன

இங்கே நிலைமை அடிப்படையிலேயே வேறு. நாம் டாக்டரைப் பார்த்துவிட்டுக் கையில் காசு கொடுத்துவிட்டு வருகிறோம். நம் ஹெல்த் இன்சூரன்ஸ் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பேசும். அதனால் அமெரிக்க டாக்டர்கள் இன்சூரன்ஸ் காகித வேலையிலிருந்து தப்பிக்கக் கண்டுபிடித்த வழி இங்கே அப்படியே பொருந்தாது. சந்தா என்ற பெயரில் நம் வீட்டு வாசலுக்கு வருவது நான்கு விதம்.

ஆஸ்பத்திரிகள் தரும் பிரிவிலேஜ் கார்டு ஒன்று. லேபில் இத்தனை சதவீதம் தள்ளுபடி, ஆண்டுக்கு ஒரு செக்கப், ஓ.பி.யில் தனி வரிசை. இது தள்ளுபடிக் கார்டு, அவ்வளவுதான். எப்படியும் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போவீர்கள் என்றால் வாங்குங்கள்.

இரண்டாவது, ஆப் சந்தா. எத்தனை முறை வேண்டுமானாலும் வீடியோவில் டாக்டரோடு பேசலாம் என்பார்கள். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் வருவார். மூன்றாவது, முதியோர் பராமரிப்பு நிறுவனங்கள். இவர்கள் டாக்டர் அல்ல. ஒரு கேர் மேனேஜர் வீட்டுக்கு வந்து பிபி பார்ப்பார், ஆஸ்பத்திரிக்குக் கூடவே போவார், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதுவார். பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டுக்கு இது ரொம்பப் பயன்படும். ஆனால் வைத்தியத்தை முடிவு செய்யும் ஆள் இதில் இல்லை.

நான்காவதுதான் உண்மையான கன்சியர்ஜ் முறை: பெயர் சொல்லக்கூடிய ஒரு டாக்டர், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான குடும்பங்கள், மாதமோ ஆண்டோ ஒரு தொகை. நகரங்களில் சிலர் செய்கிறார்கள். நம் பக்கத்தில் இதை நாமேதான் பேசி உண்டாக்க வேண்டியிருக்கும். அதைப் படி 8இல் சொல்கிறேன்.

படி 1: மாத்திரை டப்பாவிலிருந்து தொடங்குங்கள்

விளம்பரத்தைப் பார்த்துத் தேவையை முடிவு செய்யாதீர்கள். வீட்டில் உள்ளதைப் பாருங்கள்.

எங்கள் அத்தையின் கதை இது. பிபிக்குப் பாலக்காட்டில் ஒரு மாத்திரை. பிறகு முழங்கால் வலிக்குக் கோயம்புத்தூர் போனபோது அங்கே பிபி அதிகம் என்று இன்னொன்று எழுதினார்கள். அத்தை இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். சில வாரத்தில் இரண்டு கணுக்காலும் வீங்கிவிட்டன. வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை மூன்றாவதாகச் சேர்ந்தது. எழுந்தால் தலைசுற்றல். கடைசியில் எங்கள் ஊரிலேயே கிளினிக் வைத்திருக்கும் வயதான டாக்டர் ஒருவர், டப்பாவை மேசையில் கவிழ்த்து, ஒவ்வொரு அட்டையையும் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருந்த மருந்துப் பெயரைப் படித்தார். முதல் இரண்டு அட்டையும் அம்லோடிபின். கம்பெனிப் பெயர்தான் வேறு. அந்த மருந்தின் அளவு கூடினால் கால் வீங்குவது தெரிந்த பக்கவிளைவு. ஒன்றை நிறுத்தினார், அது போனதும் நீர் மாத்திரைக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

எந்த ஆஸ்பத்திரியும் தப்பான மருந்து எழுதவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை, அதுதான் குறை. எல்லைக்கு இரண்டு பக்கமும் வைத்தியம் பார்க்கிற நமக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ஒரே டாக்டர் பல வருடம் பார்ப்பதற்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு நார்வே நாட்டில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு இருக்கிறது. ஒரே குடும்ப டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஒரு வருடம் மட்டும் இருந்தவர்களைவிட, அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய வாய்ப்பும் இறப்பு வாய்ப்பும் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. அங்கே இதற்குத் தனிச் சந்தா எதுவும் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆக, ஒரு தாள் எடுங்கள். வீட்டில் யார் யாருக்கு என்ன நோய், என்ன மருந்து (கம்பெனிப் பெயர் வேண்டாம், பின்னால் இருக்கும் மருந்துப் பெயர்), போன வருடம் எதற்கெல்லாம் டாக்டரிடம் போனீர்கள், அதில் போனிலேயே முடிந்திருக்கக்கூடியது எது, ராத்திரியில் வந்தது எது. இதை எழுதியதுமே உங்களுக்கு வேண்டியது டாக்டரா, கூடப்போக ஆளா, லேப் தள்ளுபடியா என்று பாதி தெரிந்துவிடும். நாற்பது வயதில், நோய் இல்லாத வீட்டுக்கு இந்தச் சந்தா தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

படி 2: இலவசமாக இருப்பதை முதலில் பயன்படுத்துங்கள்

கேரளத்தில் 2017இல் அரசு ஆஸ்பத்திரிகளை மேம்படுத்தும் ஆர்த்ரம் மிஷன் தொடங்கியபின் பல ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாறின. சுகர், பிபி மாத்திரை அங்கேயே கிடைக்கும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வருவார். டியூப் மாற்றுவது, புண் கட்டுவது எல்லாம் செய்வார். இதையே வெளியில் சந்தா கட்டி வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துப் பாருங்கள். 1056 என்ற, கேரள அரசின் திசா உதவி எண்ணில் ஆரோக்கியச் சந்தேகம் எதையும் கேட்கலாம். மத்திய அரசின் இ-சஞ்சீவனியில் டாக்டரோடு வீடியோவில் பேசக் காசு இல்லை.

வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் என்றால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. பிபி, சுகர் மருந்து வீடு தேடி வரும்.

படி 3: இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்

அத்தை வீட்டுக்கு ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி வந்தபோது நடந்த பேச்சு:

“ஏனுங் தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டா டாக்டர் எடுப்பாருங்களா?”

“கால் சென்டர்ல எடுப்பாங்கம்மா. அவங்க டாக்டருக்குக் கனெக்ட் பண்ணுவாங்க.”

“எந்த டாக்டருங்?”

“அன்னிக்கு டூட்டியில இருக்கிறவருங்கம்மா.”

“அவருக்கு என்னைத் தெரியுமுங்களா?”

அந்தத் தம்பிக்குப் பதில் இல்லை. அத்தை கேட்ட மூன்றும்தான் எல்லாரும் கேட்க வேண்டிய முதல் மூன்று கேள்விகள்: ராத்திரி எடுப்பது யார், அவர் பெயர் என்ன, என் கேஸ் அவருக்குத் தெரியுமா.

இன்னும் சில. டாக்டரின் பட்டியலில் இப்போது எத்தனை குடும்பம், வரம்பு எவ்வளவு? அவர் லீவு போட்டால் யார்? வீட்டுக்கு வருவது ஆண்டுக்கு எத்தனை முறை, அதற்குத் தனியாகக் காசா? இங்கே எல்லைக்காரர்கள் விடாமல் கேட்க வேண்டியது, வீட்டுக்கு வரும் தூரம் எந்த ஊர் வரை என்பது. கோயம்புத்தூர் நிறுவனத்தின் துண்டுச்சீட்டில் “கோவை மற்றும் சுற்றுப்புறம்” என்று இருக்கும். வாளையாருக்கு இந்தப் பக்கம் வருவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியுமா என்பதும் சின்ன விஷயம் இல்லை. பேச்சளவில் மலையாளம் தெரிந்த நம் பெரியவர்கள்கூட, நெஞ்சில் “கரகரன்னு இருக்கு” என்பதற்கும் “பிசையுது” என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழில்தான் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் இந்த டாக்டர் என்ன செய்வார் என்றும் கேளுங்கள். அங்குள்ள டாக்டரோடு பேசுவாரா? டிஸ்சார்ஜ் ஆனபின் மருந்துப் பட்டியலைச் சரிபார்ப்பாரா? அத்தைக்கு நடந்ததைத் தடுப்பது இந்த ஒரு வேலைதான்.

படி 4: டாக்டரைச் சரிபாருங்கள்

பெயரையும் பதிவெண்ணையும் வாங்கி மாநில மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டில் தேடுங்கள். கேரளத்துக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்கு ஒன்று, நாடு முழுவதற்கும் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேடு. ஐந்து நிமிட வேலை.

கோயம்புத்தூர் டாக்டர் போனில் கொழிஞ்சாம்பாறை நோயாளியைப் பார்க்கலாமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. பார்க்கலாம். 2020 மார்ச் 25இல் வந்த டெலிமெடிசின் வழிகாட்டு விதிகளின்படி, பதிவு பெற்ற டாக்டர் இந்தியாவின் எந்த மூலையில் உள்ளவருக்கும் ஆலோசனை தரலாம். மருந்துச்சீட்டில் பதிவெண் இருக்க வேண்டும். சில மருந்துகளை முதல்முறை வீடியோவில் பார்த்தால்தான் எழுதலாம். போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் தூக்க மாத்திரைகள் போன்றவற்றைப் பொதுவாகப் போன் வழியே எழுதக் கூடாது. “எல்லா மருந்தும் போனிலேயே” என்று யாராவது சொன்னால் அங்கே கையெழுத்துப் போடாதீர்கள். ஏ.ஐ. மருந்து எழுதுவதற்கும் அந்த விதிகளில் அனுமதி இல்லை.

படி 5: இன்சூரன்ஸை இதோடு குழப்பாதீர்கள்

சந்தா கட்டியவருக்கு ஹார்ட் அட்டாக் வந்தால், ஸ்டென்ட் வைக்கும் பில்லைச் சந்தா கட்டாது. கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஹெல்த் இன்சூரன்ஸ்தான் முதலில். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

இன்சூரன்ஸ் விதிகள் 2024இல் நோயாளிக்குச் சாதகமாகவே மாறியிருக்கின்றன. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 3 வருடம் ஆகியிருக்கிறது, முன்பு 4. வயதைக் காட்டி பாலிசியே கிடையாது என்று ஒதுக்கக் கூடாது. கேஷ்லெஸ் (நாம் பணம் கட்டாமல் இன்சூரன்ஸே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது) கோரிக்கைக்கு 1 மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் சமயத்து அனுமதிக்கு 3 மணி நேரத்துக்குள்ளும் பதில் வர வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளின் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

எல்லைக்காரர்களுக்கு இதிலும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பாலிசியின் கேஷ்லெஸ் பட்டியலில் பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியும் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியும் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரட்சா கார்டு, ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை, வைத்திருப்பவர்கள், அது நீங்கள் போகும் ஆஸ்பத்திரியில் செல்லுமா என்று சேர்வதற்கு முன்பே கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

படி 6: அவசரத்துக்குத் தனித் திட்டம்

போனில் இருக்கும் டாக்டர் ஆம்புலன்ஸ் ஆகமாட்டார். பக்கவாதம் வந்தால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தூக்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, டாக்டருக்குப் போன் போட்டுக் காத்திருக்கும் நேரமெல்லாம் அதில் கழிந்துவிடும். முதலில் 108. வண்டி வரும் வழியில் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

108 வண்டி பக்கத்தில் உள்ள பொருத்தமான ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகும். நீங்கள் நினைத்திருக்கும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் என்று கணக்குப் போடாதீர்கள். எனவே, ராத்திரியிலும் சி.டி. ஸ்கேனும் அந்த ஊசியும் இருக்கும் ஆஸ்பத்திரி பக்கத்தில் எது, வேலந்தாவளம் வழியா வாளையார் வழியா எது சீக்கிரம், தனியார் ஆம்புலன்ஸ் எண், பக்கத்து வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் எண், இந்த நான்கையும் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். சந்தா டாக்டர் நல்லவராக இருந்தால், சேர்ந்த முதல் வாரமே இந்தத் தாளை அவரே உங்களோடு உட்கார்ந்து எழுதுவார்.

படி 7: கணக்கும் ஒப்பந்தமும்

ஆண்டுக்கு 24,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போன வருடம் 12 முறை கோயம்புத்தூர் போய் வந்தீர்கள், ஒவ்வொரு முறையும் டாக்டர் பீஸ் 500, வாடகைக் கார் 2,000 என்றால் 30,000 ஆகிறது. அதில் பாதிப் பயணம் மிச்சமானால் 15,000 மிச்சம். அப்போது மீதி 9,000 ரூபாயை ராத்திரி நிம்மதிக்காகவும் மருந்துகளைச் சேர்த்துப் பார்ப்பதற்காகவும் கொடுக்கிறீர்கள். அது தகுமா என்பது உங்கள் வீட்டு முடிவு. லேப் தள்ளுபடியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தேவையில்லாத டெஸ்ட்டுக்குத் தள்ளுபடி கிடைத்தாலும் செலவுதான்.

மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் சலுகை என்பார்கள். வேண்டாம். சியாட்டிலில் 2007இல் பெரிய பெயரோடு தொடங்கிய க்வாலையன்ஸ் என்ற நேரடி மருத்துவ நிறுவனம் 2017இல் கதவை மூடியது. டாக்டரும் ஊர் மாறலாம். மாதமாகவோ மூன்று மாதமாகவோ கட்டுங்கள். பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பும், டாக்டர் மாறினால் விலகலாமா, ரிப்போர்ட் எல்லாம் யார் கையில் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்றால் 1915 நுகர்வோர் உதவி எண். மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது.

படி 8: நாமே பேசி உண்டாக்கும் ஏற்பாடு

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ஊரில் நம்பிக்கையான, எம்.பி.பி.எஸ். படித்த, கூட்டம் தாங்கமுடியாத அளவுக்கு இல்லாத டாக்டர் ஒருவரிடம் மதியம் ஓ.பி. முடிந்தபின் போய்ப் பேசுங்கள். “சார், அம்மா அப்பா இரண்டு பேர். மாதம் ஒரு தடவை நீங்கள் முழுசாகப் பார்க்க வேண்டும். ராத்திரி அவசரம் என்றால் மட்டும் கூப்பிடுவோம். கோயம்புத்தூரில் எது எழுதினாலும் உங்களிடம் காட்டிவிட்டுத்தான் போடுவோம். மாதம் இவ்வளவு தருகிறோம்.” இதில் நான்காவது வாக்கியத்துக்குத்தான் டாக்டர்கள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். தன் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்த டாக்டர் ராத்திரி போனை எடுப்பார்.

நீங்களும் ஒழுங்காக இருக்க வேண்டும். பேரனின் தும்மலுக்கெல்லாம் ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிடக் கூடாது. ரிப்போர்ட்களை வாட்ஸ்அப்பில் கண்டபடி அனுப்பாமல் ஒரே ஃபைலில் தேதி வரிசையில் வையுங்கள். மத்திய அரசின் ஆரோக்கிய அடையாள எண்ணான 14 இலக்க ஆபா எண் எடுத்து அதில் சேர்த்தால் இன்னும் வசதி. லேபும் மருந்துக்கடையும் உங்கள் விருப்பம் என்று முதலிலேயே மரியாதையாகப் பேசிக்கொள்ளுங்கள். ஆள் அனுப்பிக் கமிஷன் வாங்குவது டாக்டர்களின் நடத்தை விதிகளிலேயே தடை செய்யப்பட்டது.

இந்த வழியை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டாக்டர் ஒருவர் 2,000 பேரிலிருந்து 600 பேருக்கு இறங்கினால் மீதி 1,400 பேர் வேறு டாக்டரைத் தேட வேண்டும். அமெரிக்காவில் இந்த முறைமீது உள்ள பெரிய குற்றச்சாட்டே அதுதான். டாக்டர்கள் குறைவாக உள்ள நம் ஊர்களில் அது இன்னும் கடுமையாக விழும். தோப்பில் வேலை செய்யும் குடும்பத்துக்குக் கோயம்புத்தூர் போகக் காரும் இல்லை. டாக்டரின் காலை ஓ.பி.யைக் கெடுக்காமல், அவருக்கு ஓய்வாக உள்ள நேரத்தில் சில குடும்பங்கள் சேர்ந்து செய்துகொள்ளும் ஏற்பாட்டில் அந்த இழப்பு இல்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். படி 1இல் எழுதிய தாளோடு ஒப்பிட்டால், ஒரே மருந்து இரண்டு அட்டையில் இருந்தது போயிருக்க வேண்டும், ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்று அம்மாவுக்கே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஒன்றும் மாறவில்லை என்றால், கம்பெனித் திட்டமாக இருந்தாலும் ஊர் டாக்டராக இருந்தாலும், அடுத்த தவணை கட்டும் முன் நேரில் போய்க் கேளுங்கள்.